கோழிக்கூட்டுக்கு ஆதாரம் இல்லை

அந்த ஜன்னல் சீட்டில் ஆள் இருக்கிறது. ஆள் என்றால் ஆள் இல்லை, கப்பல். டிக்கெட் வாங்கியிருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். நீங்கள் இந்த ஓரத்தில் தாராளமாக உட்காரலாம். பையை மட்டும் மேலே வைக்காதீர்கள். டிரைவர் ஒரு பிரேக் போட்டால் நேராகப் பாய்மரத்தின் மேல்தான் விழும். மடியிலேயே இருக்கட்டும். நன்றி.

தொடாதீர்கள். பார்க்கலாம்.

பொம்மை இல்லை. எல்லாரும் பொம்மை என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சு ராஜாவின் கடற்படைப் போர்க்கப்பல், முப்பத்திரண்டு பீரங்கி. பெயர் 'லா கான்ஸ்தான்த்'. மாறாதவள் என்று அர்த்தம். அசல் கப்பலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. வால்நட் மரம். பெட்டியில் குச்சியும் பலகையும் நூலுமாக வந்தது, நான் இரண்டு வருஷமாகக் கட்டினேன். கொடியா? வெள்ளைதான். நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். புதுச்சேரியில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார், "என்ன சார், வெள்ளைக்கொடி பறக்குது? யார்கிட்ட சரண்டர் ஆகப் போறீங்க?" பஸ்ஸே சிரித்தது. நான் பொறுமையாகச் சொன்னேன்: தம்பி, புரட்சிக்கு முன்னால் அவர்களுடைய கடற்படைக்குக் கொடியே வெள்ளைதான், மூவர்ணம் பின்னால் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி சார், இதுக்கு லக்கேஜா, ஆளா?" என்றார். படிப்புக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். ஆள் என்றே போடச் சொன்னேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, பச்சைப் புடவை, மடியில் டிபன் கூடை. என் மனைவி பிலோமினா. ஜன்னல் சீட்டு அவளுக்கு என்றுதான் இருந்தது. கப்பலை மடியில் வைத்தால் கயிறு தளரும் என்றேன். "நீங்க கப்பலோட உட்காருங்க, நான் முன்னாடி போய்க்கறேன்" என்று அவளே எழுந்து போய்விட்டாள். நல்ல மாதிரி. போகும்போது ஒரு சிரிப்பு சிரித்தாள். அது மட்டும் எதற்கென்று தெரியவில்லை.

என் பெயர் சவரிராயன். புதுச்சேரியில் ஒரு பழைய அச்சுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்தேன். தமிழும் பார்ப்பேன், பிரெஞ்சும் பார்ப்பேன். நான் பேசுவதே புரூஃப் பார்த்து வந்த மாதிரி இருக்கிறது என்பாள் பிலோமினா. பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். என் கையில் அகப்பட்ட பக்கம் சிவப்பு இல்லாமல் திரும்பியதில்லை. எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. அடித்தது தவறு, பழையபடியே இருக்கட்டும் என்றால், அடித்த இடத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் புள்ளி வைத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கம் மட்டும் எனக்கு வராது. அது முதலாளியின் பக்கம். அச்சுக்கூடத்தின் பெயர், விலாசம், யார் யாருக்கோ நன்றி. சேர்ந்த புதிதில் தெரியாமல் அதையும் திருத்திவிட்டேன். முதலாளி தன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் போட்டிருந்தார். அவர் அந்தப் பட்டத்துக்குப் படிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், எனவே அடித்தேன். வேலை போயிருக்க வேண்டியது. அன்று முதல் எந்தப் புத்தகமானாலும் கடைசிக்கு முந்தின பக்கத்தோடு மூடிவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

எங்கே போகிறோமா? மீனம்பாக்கம், விமான நிலையத்துக்கு. மகன் வருகிறான். கஸ்பார். பத்து வருஷம் கழித்து.

ஆமாம், பத்து. லீவு கிடைக்காமல் இல்லை. நான்தான் வராதே என்று சொன்னேன். அப்படிப் பார்க்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

சட்டம் படிக்கிறேன் என்று பிரான்சுக்குப் போனான். இரண்டாம் வருஷம் போன் வந்தது. படிப்பை விட்டாயிற்றாம். ஏதோ ஒரு துறைமுகப் பட்டணத்தில், ஏதோ ஒரு பட்டறையில் பலகை அறுக்கிறானாம். என்ன பட்டறையா? கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா? இன்றுவரை கேட்கவில்லை. அன்றைக்கு ஒன்றுதான் சொன்னேன்: "நான் பார்த்துத் தப்புச் சொல்ல முடியாத மாதிரி ஒரே ஒரு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வா. அதுவரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே." கோபத்தில் சொன்னதுதான். மற்ற பிள்ளைகள் என்றால் நாலு நாள் முறைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் வந்து நிற்கும். இவன் ஒப்பந்தம் மாதிரி எடுத்துக்கொண்டான். "சரிப்பா" என்றான், வைத்துவிட்டான்.

பிலோமினா என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. ஒரு மாசம் வீட்டில் நல்ல அமைதி.

சின்ன வயசிலேயே அவனுக்கு அந்தக் கிறுக்கு உண்டு, தெரியுமா? பன்னிரண்டு வயசில் மொட்டைமாடியில் ஒரு கோழிக்கூடு கட்டினான். ஆறு கோழி, ஒவ்வொன்றுக்கும் தனி அறையாம். நான் மேலே போய் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரு பலகைகூட நேர் இல்லை. ஒவ்வொன்றாகக் காட்டினேன். நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அழுதான். மறுநாள் நானே பிரித்துவிட்டேன். கோழிகளைப் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் வாங்கிக்கொண்டாள். வளர்ப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். சிலர் செல்லம் கொடுத்தே கெடுத்துவிடுகிறார்கள்.

திண்டிவனம் வந்துவிட்டதா? அம்மா, வெள்ளரிக்காய்க் கூடையை இந்த ஜன்னலில் நீட்டாதே! வேண்டாம். கப்பல் சாப்பிடாது. பார்த்தீர்களா, சிரிப்பதை.

கப்பல் எப்படி வந்தது என்று கேட்டீர்களே. மாதா கோயில் திருவிழாக் குலுக்கலில் விழுந்தது. பிலோமினா பத்துச் சீட்டு வாங்கியிருந்தாள். மற்றவர்களுக்கு மிக்ஸி, குக்கர், பிளாஸ்டிக் நாற்காலி. எங்களுக்குப் பிரெஞ்சுப் போர்க்கப்பல். அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அவளே சாக்குப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, கட்டுங்களேன்" என்றாள். நான் எதையும் சந்தேகப்படாமல் ஏற்பவன் இல்லை. பெட்டியைத் திறந்ததும் முதலில் பீரங்கிகளைத்தான் எண்ணினேன். முப்பத்திரண்டு. சரியாக இருந்தது.

இரண்டு வருஷம். பலகையை வளைக்க வேண்டும் என்றால் வெந்நீர் ஆவி வேண்டும். இட்லிப் பானையில் வைத்தேன். ஆறு மாசம் வீட்டில் தோசைதான். ஒட்டிய பலகை அசையாமல் இருக்கத் துணிக் கிளிப் வேண்டும். கொடியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன். எங்கள் துணிகள் தெருக்கோடி வரை பறந்தன. "என்னங்க, உங்க வேட்டி மருந்துக்கடை போர்டுல தொங்குது" என்பாள். கலைக்கு இதெல்லாம் சகஜம்.

இந்தக் கயிற்று ஏணிகளைப் பார்த்தீர்களா? ஆயிரத்துக்கு மேல் முடிச்சு. என் கை நடுங்கும், அதனால் முடிச்சுகளை மட்டும் பிலோமினா போட்டாள். மேற்பார்வை நான். பிரெஞ்சு மாலுமிகள் போடுகிற முடிச்சு அது, படத்தை வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பாதியிலேயே, "இது மல்லிகைப்பூ கட்டுற முடிச்சுதானேங்க" என்று நூலைப் பிடுங்கிப் போட ஆரம்பித்துவிட்டாள். பூக்கட்டுவதும் கடற்படையும் ஒன்றாகுமா? ஆனால் முடிச்சு என்னவோ சரியாகத்தான் வந்தது. நான் விளக்கிய விதம்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். பெட்டியோடு ஒரு கையேடு வந்தது. இருபத்துநாலு பக்கம். இதோ, இதுதான். பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் பாருங்கள். சிவப்பு எல்லாம் என்னுடையது. படிக்கப் படிக்கப் பிழை. மொத்தம் நாற்பத்தொன்று. வரிசை எண் போட்டு, காரணம் எழுதி, பிரெஞ்சில் அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். குப்பையில் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பதில் வந்தது, ஐயா! டைப் செய்த ஒன்பது பக்கம். கையெழுத்து இல்லை, கீழே 'வடிவமைப்பாளர்' என்று மட்டும். என் நாற்பத்தொன்றுக்கும் தனித்தனியாகப் பதில். மூன்றை ஒப்புக்கொண்டார், அச்சுப் பிழைகள். முப்பத்தேழை மறுத்தார். எப்படி மறுத்தார் தெரியுமா? வார்த்தைக்கு வார்த்தை 'முசியே', நம் ஊர் 'ஐயா' மாதிரி. பின்பக்கத்தில் மூன்று விளக்கு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். 'முசியே, மூன்று விளக்கு தளபதி ஏறுகிற கப்பலுக்கு. தங்களுடையது அந்த வகை இல்லை. தளபதியை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று தாங்கள் விரும்பினால் இன்னும் இரண்டு விளக்கு அனுப்பி வைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். என்ன அடி! என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் என்ன, கடிதம் போவதும் வருவதுமாக இரண்டு வருஷம். தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். அந்த மனிதர் என் எதிரில் வந்தால் எழுந்து நின்று கை கொடுப்பேன். நான் முதலாளிக்கே எழுந்து நின்றதில்லை.

ஒன்றே ஒன்றில்தான் ஒத்துப்போகவில்லை. நாற்பத்தோராவது பிழை. பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்புங்கள். ஆமாம், பெரிதாகக் குறுக்கே அடித்திருக்கிறேனே, அதுதான். கோழிக்கூடு.

சிரிக்காதீர்கள். அந்தக் காலக் கப்பலில் கோழி உண்டு, கேப்டனுக்கு முட்டை வேண்டாமா? கூடு இருக்கலாம். ஆனால் இந்தக் கூடு இருக்க முடியாது. ஆறு அறை. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கதவு இடப்பக்கம், தாழ்ப்பாளுக்கு வளைந்த ஆணி. பலகை கோணல், வேண்டுமென்றே கோணலாக வெட்டி அனுப்பியிருக்கிறார்! மற்ற ஐந்நூறு உறுப்பும் மயிரிழை பிசகாமல் இருக்கிறது, இது ஒன்று மட்டும் கோணல். எந்தப் பிரெஞ்சுக் கப்பலிலும் இப்படி ஒரு கூடு கிடையாது. ஆதாரம் எங்கே என்று கேட்டேன். 'கையேட்டில் கொடுத்திருக்கிறேன், முழுவதும் படியுங்கள் முசியே' என்றார். மூன்று தடவை படித்தேன். இல்லை. மறுபடி கேட்டேன். 'முழுவதும் படியுங்கள் முசியே.' இதே பதில் ஐந்து கடிதத்தில். எவ்வளவு பெரிய மனிதருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும் போலிருக்கிறது.

இதில் பிலோமினா வேறு. "புத்தகத்தை முழுசா படிச்சீங்களா?" என்று வாரத்துக்கு ஒரு தடவை. யாரைப் பார்த்துக் கேட்கிறாள்! கஸ்பார் ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவான். என்னோடு இரண்டு நிமிஷம், சாப்பிட்டியா, குளிரா, அவ்வளவுதான். அவனும் ஒரு நாள் கேட்டான், "கோழிக்கூட்டை ஒட்டிட்டீங்களாப்பா?" அம்மா எல்லாவற்றையும் அவனிடம் ஒப்பித்துவிடுகிறாள். "உனக்கு அதெல்லாம் புரியாது, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றேன்.

கூட்டை நான் ஒட்டவில்லை. ஆதாரம் இல்லாததை ஒட்ட மாட்டேன். குப்பையில் போட்டேன். அவள் எடுத்துத் தன் மணிபர்ஸில் வைத்திருக்கிறாள். பெண்களுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது.

ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்கள் முன்பின் தெரியாதவர் என்பதால். வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதத்தில் என் மகனைப் பற்றி எழுதினேன். மனசு விட்டு எழுதினேன். எனக்கும் ஒரு பிள்ளை உங்கள் நாட்டில் இருக்கிறான், ஐயா. பலகை அறுக்கிறான். உங்களுடைய பொறுமையில், உங்களுடைய கவனத்தில் பத்தில் ஒரு பங்கு அவனுக்கு இருந்திருந்தால் நான் வேறென்ன கேட்கப் போகிறேன் என்று. மற்றக் கடிதங்களுக்கு மூன்றே வாரத்தில் பதில் வரும். அதற்கு மட்டும் இரண்டு மாசம் ஆயிற்று. வந்ததும் ஒரே வரி. 'பலகை அறுக்கிறவர்களும் தேவைதான், முசியே.'

பெரிய மனசு. என் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள், யார் என்றே தெரியாமல்.

அது வந்த அடுத்த ஞாயிறுதான் கஸ்பார், ஊருக்கு வருகிறேன் என்றான். நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்றேன். "இருக்குப்பா" என்றான். அப்படியானால் இரண்டில் ஒன்று. தப்புச் சொல்ல முடியாத வேலை ஒன்று செய்திருக்க வேண்டும், இல்லை என்றால் தோற்றுப்போய் வருகிறான். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்திலேயே காட்டுவேன். இதோ பார், வேலை என்றால் இது. இதைக் கட்டியவனுக்கு வயசு அறுபத்தெட்டு. இதை வடிவமைத்தவரைப் பற்றி வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், உட்கார்ந்து கேள். திட்டுவதற்காக இல்லை, ஒரு முன்மாதிரி வேண்டும் இல்லையா? பிலோமினா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "கொண்டு வாங்க, அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று அவளே பழைய பட்டுத்துணி எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள்.

இந்தக் கயிறு தளர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம், நீங்கள் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

என்ன? கடைசிப் பக்கமா? அதை விடுங்கள். பசை கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவு, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வை, கம்பெனி விலாசம், அவ்வளவுதான் இருக்கும்.

பாண்டிச்சேரியா? பாண்டிச்சேரி எதற்கு அதில் வருகிறது? நன்றாகப் பாருங்கள், வேறு ஏதாவது ஊராக இருக்கும்.

கொடுங்கள்.

பொடி எழுத்து. கண்ணாடியை மாற்ற வேண்டும். ம்.

'வடிவமைப்பு: கஸ்பார் சவரிராயன்.'

இருங்கள். பேசாதீர்கள்.

'உறுப்பு எண் நூற்றுநாற்பத்தேழு, கோழிக்கூடு. ஆதாரம்: பாண்டிச்சேரி, பெற்றோர் வீட்டு மொட்டைமாடியில் இருந்த கூடு. ஆறு அறை. அளவுகள் நினைவிலிருந்து. மூலம் இப்போது இல்லை.'

...

பெயர் சரியாக இருக்கிறது. எண் சரியாக இருக்கிறது, நூற்றுநாற்பத்தேழுதான். ஆதாரம் இப்படித்தான் கொடுக்க வேண்டும். எந்த இடம், என்ன பொருள், அளவு எப்படி எடுத்தது, மூலம் இருக்கிறதா இல்லையா. பள்ளிக்கூடக் கட்டுரைக்கே இப்படி எழுதச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். மறக்கவில்லை.

'இப்போது இல்லை' என்று மட்டும் போட்டிருக்கிறான். யார் பிரித்தது என்று போடவில்லை.

பிலோமி! ஏய், பிலோமி! இங்க பாரு! உனக்குத் தெரியுமா இது?

பாருங்கள், திரும்பக்கூட மாட்டேன் என்கிறாள். என்ன? என்ன சொல்கிறாள்? "இப்பத்தான் படிச்சீங்களா?" என்கிறாள். பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி! அப்ப அந்தக் குலுக்கல்? பத்துச் சீட்டு?

"மாதா கோயில்ல எந்தக் காலத்துலங்க கப்பல் குலுக்கினாங்க?"

சிரிக்கட்டும். எல்லாரும் சிரிக்கட்டும். கண்டக்டர் தம்பி, நீங்களும் சிரியுங்கள்.

நான் அவனுக்கு... அந்தக் கடிதத்தை அவனுக்கேதான் எழுதியிருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்னு. அவன்கிட்டயே.

பிலோமி, அத குடு. அதான், பர்ஸ்ல வெச்சிருக்கியே. நீ வராத, பஸ் ஓடுது, விழுந்துடுவ. கைமாத்தி விடு. டிக்கெட்டுக்குச் சில்லறை அனுப்பற மாதிரி அனுப்பு. ஐயா, கொஞ்சம் வாங்கிப் பின்னாடி குடுங்க. அம்மா, மெதுவா, அழுத்தாதீங்க, உள்ள ஆறு அறை இருக்கு. கதவு இடப்பக்கம், அந்த ஆணியில கை படாம. ஆமா, கோணலாத்தான் இருக்கும். கோணல் சரிதான். அது அப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியும், நான் அளந்து பார்த்திருக்கேன்.

வந்துவிட்டது. நன்றி, நன்றி.

சார், நீங்கள் கப்பலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். தொடலாம், தொடலாம். நடுத் தளத்தில், பெரிய பாய்மரத்துக்குப் பின்னால், இந்த வெற்றிடத்தில்தான் வர வேண்டும். பசை என் சட்டைப்பையில் இருக்கிறது, எப்போதும் இருக்கும். செங்கல்பட்டு வருவதற்குள் காய்ந்துவிடும், இல்லையா? காய வேண்டும். அவன் பார்க்கும்போது ஆடக் கூடாது.

அப்புறம் அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். அடித்ததற்குக் கீழே புள்ளி வைக்க வேண்டும். உங்களிடம் பேனா இருக்கிறதா? என்னிடம் இருப்பதெல்லாம் சிவப்புதான்.